கடைசியில் வாசிக்கிறவர்கள்

தாழ்ப்பாள் போட்டாயிற்று. மேலே ஒன்று, கீழே ஒன்று. போட்ட பிறகும் கை அதிலேயே இருக்கிறது. பித்தளை கொஞ்சம் குளிர்ச்சியாக இருக்கிறது, அதனால்தான் என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன், பொய், கதவுக்கு அந்தப் பக்கம் ஆள் நிற்கிறதா என்று உள்ளங்கையால் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மதியக் குடிகாரர்களை அனுப்பிவிட்டுச் சாயங்காலம்வரை மூடிவைக்க வேண்டும் என்பது இந்த ஊர்ச் சட்டம், லண்டன்காரன் தாகத்துக்குக்கூட மணி அடித்துத்தான் தண்ணீர் காட்டுவான். இந்த இடைப்பட்ட நேரம்தான் எனக்குப் பிடித்தது. நாற்காலியெல்லாம் மேஜைமேல் கவிழ்ந்து கிடக்கும், கேப்ஸ்டன் என்கிற இந்த பப் அப்போது மட்டும் முழுக்க என்னுடையது மாதிரி இருக்கும், பீர் கம்பெனிக்காரனிடம் குத்தகைக்கு எடுத்தது என்பதே மறந்துபோகும். தூத்துக்குடித் தொம்மை லண்டனில் பப் நடத்துகிறானா என்று முதல் வருஷம் குரங்கைப் பார்க்கிற மாதிரி எட்டிப் பார்த்துவிட்டுப் போனவன்கள் எத்தனை பேர். இப்போது அதே வாய் என்னை டாமி, டாமி என்கிறது. டாமிதான். ஆனால் இன்றைக்கு இந்த நேரம் பிடிக்கவில்லை. புழுக்கம். எழுபத்தாறாம் வருஷத்துக் கோடை மாதிரி ஒன்றை இந்த ஊர்க் கிழவர்களே பார்த்ததில்லையாம், மழை பெய்து எவ்வளவு நாளாச்சு, பூங்காவில் புல்லெல்லாம் பனையோலை நிறத்துக்கு வந்துவிட்டது, எங்கிருந்தோ பொறிவண்டு படை படையாக வந்து ஜன்னல் சட்டத்தில் அப்பிக்கொண்டிருக்கிறது, துடைக்கத் துடைக்க வருகிறது. வெயில் எனக்குப் புதுசா. துறைமுகத்து மணலில் செருப்பில்லாமல் நடந்த கால் இது. ஆனால் அங்கே வெயில் அடித்தால் வெயில்தான், இங்கே வெயில் அடிக்கும்போது வேறெதுவோ அதற்குப் பின்னால் நின்று மூச்சு விடுகிற மாதிரி இருக்கிறது. கிட்டார் வாசிக்கிற லென்னிடம் சொல்லவேண்டும். அவன் வருவதற்குள் எப்படிச் சொல்வது என்று முடிவுபண்ணவேண்டும்.

சொல்வதற்கு என்ன இருக்கிறது, ஒரே வரி. லென், இன்றைக்கு நீ கடைசியில் வாசிக்கவில்லை, அந்தப் புதுப் பயல்கள் கடைசியில் வாசிக்கிறார்கள், நீ முதலில். அவ்வளவுதான். வெளியாளுக்கு இது ஒரு விஷயமா. கச்சேரி பார்த்தவனுக்குத் தெரியும். முதலில் வாசிக்கிறவன் நாற்காலிக்கு வாசிக்கிறான், கடைசியில் வாசிக்கிறவன் ஆளுக்கு வாசிக்கிறான். வெள்ளிக்கிழமை கேப்ஸ்டனில் கடைசி இடம் லென்னுடையது, அதை யாரும் எழுதிவைக்கவில்லை, எழுதிவைக்காததால்தான் அது கல்லு மாதிரி நின்றது. அதைத் தூக்கிக் கொடுத்துவிட்டேன். யாரிடம், ஹாலம் என்று ஒருவன், அந்தப் பயல்களுக்கு மேனேஜராம், திங்கட்கிழமை வந்தான். இந்த வெக்கையில் கம்பளிக் கோட்டு. நெற்றியில் ஒரு பொட்டு வேர்வை இல்லை. அதைப் பார்த்தபோதே நான் சுதாரித்திருக்கவேண்டும். "எங்க பசங்க வெள்ளிக்கிழமை வாசிக்கணும்" என்றான். நான் வழக்கம்போல ஆரம்பித்தேன், இடமில்லை, நேரமில்லை, பீர் கம்பெனி திட்டும், பக்கத்து வீட்டுக்காரி போலீஸைக் கூப்பிடுவாள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெருமூச்சு. அவன் ஏறவேண்டும், நான் இறங்கவேண்டும், அவன் எழுந்து வாசல்வரை போகவேண்டும், நான் கூப்பிடவேண்டும். பேரம் என்பது சண்டையா, இல்லை, ரெண்டு பேர் ஒருத்தரையொருத்தர் மோந்து பார்க்கிறது. துறைமுகத்தில் கப்பல்காரனிடம் கைக்கடிகாரம் வாங்கி விற்றபோதும் சரி, இங்கே வந்து சந்தையில் திரைச்சீலை கூவி விற்றபோதும் சரி, ஒருத்தன் எந்த இடத்தில் வாயை மூடுகிறான் என்று பார்த்தால் அவன் வீட்டில் அடுப்பு எரிகிறதா என்றுகூடச் சொல்லிவிடுவேன். இவன் மோப்பமே காட்டவில்லை. "காசு வேண்டாம். குடிக்கவும் எதுவும் வேண்டாம். கடைசியில வாசிக்கணும், அது மட்டும்தான்." அவ்வளவுதான் பேசினான். எனக்கு உள்ளுக்குள் ஒரு குதி, தொம்மை ஜெயிச்சுட்டான்டே என்று, கையை நீட்டிவிட்டேன், அவன் கை உலர்ந்த கருவாடு மாதிரி இருந்தது. அவன் போனபிறகுதான் உறைத்தது. விலை கேட்காதவன் இலவசமாக வருவதில்லை. எதையோ எடுத்துக்கொண்டு போகத்தான் வருகிறான். என்ன எடுக்கப்போகிறான். திங்களிலிருந்து அதையே சுற்றிக்கொண்டிருக்கிறேன், செக்குமாடு.

லென் வந்தால் முதலில் ஒரு பீர் ஊற்றிக்கொடுத்துவிட்டு ஆரம்பிக்கலாம். வேண்டாம், பீர் ஊற்றினாலே கண்டுபிடித்துவிடுவான், வாசிப்பதற்கு முன்னால் அவன் தொடமாட்டான் என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவனுக்கும் தெரியும். பகலில் ரொட்டி வேன் ஓட்டுகிறவன். விரல்முட்டியெல்லாம் மாவு படிந்து வெடித்திருக்கும். அவனும் அவன் கோஷ்டியும், பார்ஜ்மென் என்று பேர், தேம்ஸ் கழிமுகத்துச் சேற்றிலிருந்து வந்தவர்கள், முதல்முதலில் வந்து பின்னறையைக் கேட்டபோது அந்த அறையில் என்ன இருந்தது, அம்பு எறிகிற பலகையும் அடக்கம் முடிந்து செத்தவீட்டுக்காரர்கள் வந்து தேத்தண்ணி குடிக்கிற நீள மேஜையும். அந்தக் காலத்தில் பாட்டு என்றால் மைதானத்தில்தான். லாரி லாரியாக விளக்கு வரும், புகை போடுவான், பாடுகிறவன் அடிவானத்தில் ஒரு எறும்பு மாதிரி தெரிவான், ஒரு பாட்டு முடிவதற்குள் கீழே நிற்கிறவனுக்குத் தாடி முளைத்துவிடும். லென் சொன்னான், "எங்களுக்கு மேடை வேண்டாம் டாமி, தரை போதும். ரெண்டு பீர்ப் பெட்டி கவுத்துப் போடு." அவன் பேசுவது இங்கிலீஷ்தான், எனக்குள் வந்து விழும்போது நம்ம ஊர்ப் பேச்சாகத்தான் விழும், அப்படித்தான் இத்தனை வருஷம் இந்த ஊரில் பிழைத்தேன். அன்றைக்கு வாசித்தார்கள். மூன்று நிமிஷத்துக்கு ஒரு பாட்டு, கட்டையில் ஆணி அடிக்கிற மாதிரி டக் டக் டக் என்று கிட்டார், ஒரு அடி பிசகாது, தபால்காரனும் ஆஸ்பத்திரி நர்ஸும் கொத்தனாரும் தோளோடு தோள் ஒட்டி நின்று குதித்தார்கள், கூரையிலிருந்து அவர்கள் வேர்வையே அவர்கள்மேல் சொட்டியது. நிலவறையில் பீப்பாய் மாற்றிக்கொண்டிருந்த இன்னாசி, எங்க ஊர்க்காரன், நான் வரவழைத்த ஆள், பயந்துபோய் மேலே ஓடிவந்தான். "அண்ணாச்சி, இது பாட்டா, இல்ல வீட்டை இடிக்கானுவளா?" பாட்டுதான்ல, போய் பீர் ஊத்து என்றேன். அதுக்குப்பிறகு வெள்ளிக்கிழமை என்றால் கேப்ஸ்டன். வேறு பப்புகளும் அறையைத் திறந்துவிட்டன, ஊர் பூராவும் இப்படிப் பத்துப் பதினைந்து இடம். ஆனால் லென் என் அறையை விட்டுப் போகவில்லை. பெரிய இடத்தில் கூப்பிட்டார்கள், போகவில்லை. இங்கே காது கேட்கிறது என்றான். லென் போனால் எனக்கு என்ன மிஞ்சும். அம்புப் பலகை. செத்தவீட்டு மேஜை. அப்புறம் கம்பெனிக்காரன் குத்தகையைப் புதுப்பிக்க என்ன முகத்தோடு போய் நிற்பேன், ஆனால் அதுகூட இல்லை, இந்த ஊரில் என்னை நம்பி ஒரே இடத்தில் நின்றவன் அவன் ஒருத்தன்தான்.

இதோ. கிட்டார். பின்னறையிலிருந்து. டக் டக் டக். லென் வந்துவிட்டானா, பக்கக் கதவு வழியாக வந்திருப்பான், எனக்குத் தெரியாமல் எப்படி, அந்தப் பயல்கள் ஏற்கெனவே உள்ளே சாமானை இறக்கிக்கொண்டிருக்கிறார்களே, அவர்களிடமிருந்தா கேட்டுவிட்டான், அட முட்டாள், முந்திக்கொள்ளாமல் இங்கே தாழ்ப்பாளைத் தடவிக்கொண்டு நின்றேனே. கை துடைக்கிற துணியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடுகிறேன். அவன் கைதான், அந்த வெட்டு, மேலிருந்து வந்து கம்பியை அறுக்காமல் அறுக்கிற அந்த வெட்டு, வேறு யாருக்கும் வராது. ஆனால் என்ன இது, ஏன் இவ்வளவு வேகம், எதற்கு இப்படி ஓடுகிறான், கோபமா, கேட்டுவிட்டான், கோபத்தில்தான் வாசிக்கிறான். கதவைத் தள்ளுகிறேன். லென் இல்லை. மெலிந்த ஒரு பயல், கிழிந்த சட்டையை வரிசையாக ஊக்குப் போட்டுக் கோர்த்திருக்கிறான், தலைமயிரை யாரோ இருட்டில் வெட்டிவிட்ட மாதிரி இருக்கிறது. என்னைப் பார்த்ததும் நிறுத்தவில்லை, அவனாக முடித்தபிறகுதான் நிறுத்தினான். இந்த முகம். எங்கே பார்த்திருக்கிறேன். "எங்க கத்துக்கிட்டே இதை?" கேட்ட என் குரல் எனக்கே சந்தை இரைச்சலாகக் கேட்டது. "இங்கதான். அந்தத் தூண் பக்கத்துல. வருஷம் பூரா நின்னேனே, கவனிக்கலையா முதலாளி?" கவனித்தேன். வெள்ளிக்கிழமை தோறும் லென் காலடியில், கைகட்டிக்கொண்டு, ஒரு தடவைகூடக் கைதட்டாமல் நிற்பான், குடிக்கவும் மாட்டான், இவனை வெளியே தள்ளவா என்று இன்னாசி கேட்டதுகூட ஞாபகம் வருகிறது. "அவ்வளவு பிடிச்சுதாடே?" அவன் சிரித்தான், பல்லில் ஒன்று இல்லை. "பிடிக்கலேன்னா வருஷம் பூரா வந்திருப்பேனா? பிடிச்சிருந்தா இப்படி வாசிப்பேனா?" பின்னால் மற்றவன்கள் சிரித்தார்கள்.  பயல் மறுபடி ஆரம்பித்தான். லென்னுடைய கையை வெட்டி எடுத்து இவன் தோளில் தைத்த மாதிரி. ஆனால் லென் வாசித்தால் உள்ளே எங்கேயோ ஒருவன் சிரித்துக்கொண்டிருப்பான், இதில் அவன் இல்லை. அந்த ஆளை மட்டும் கழித்துவிட்டு மிச்சத்தை இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டுகிறான். நெஞ்சுக்கூட்டில் விழுகிறது. நன்றாக இருக்கிறது. அதுதான் பயம். கேவலமாக இருந்திருந்தால் நான் ஏன் பயப்படப்போகிறேன்.

"அண்ணாச்சி, கொஞ்சம் வாங்க" என்று இன்னாசி ஜன்னல் பக்கம் கூப்பிடுகிறான். குரல் சரியில்லை. புகைக்கண்ணாடியில் பூ வெட்டின இடம் மட்டும் தெளிவாக இருக்கும், அதில் ஒரு கண்ணை வைக்கிறேன். நடைபாதையில் உட்கார்ந்திருக்கிறார்கள். திறக்க இன்னும் எவ்வளவோ நேரம் கிடக்கிறது, அதற்குள் இத்தனை பேர், பையன்களும் பொம்பளைப் பிள்ளைகளும், இந்த வெயிலில் கறுப்புத் தோல் சட்டை, கண்ணைச் சுற்றிக் கரி மாதிரி மை. சத்தம் போடவில்லை. ஒருத்தன் ஒருத்தியைத் தள்ளிக்கூட விடவில்லை. "எப்பம் வந்தானுவ?" "யாருக்குத் தெரியும், மதியமே ரெண்டு பேர் இருந்தானுவ, பிறகு பாத்தா இப்படி. கேட்டா ஒண்ணும் சொல்ல மாட்டேங்கானுவ அண்ணாச்சி, மூஞ்சியப் பாக்கானுவ. ஒரு மாதிரி வருது எனக்கு." எனக்கு மட்டும் வராதா. மாலையில் கத்தி காட்டினவனைக் காலரைப் பிடித்துத் தெருவில் எறிந்திருக்கிறேன், என் நிறத்தைச் சொல்லிக் காறித் துப்பினவன் மூக்கை உடைத்திருக்கிறேன், ஆத்திரம் வந்தால் எனக்குப் பின்னால் நாலு ஆள் நிற்கிற மாதிரி இருக்கும். சும்மா உட்கார்ந்திருக்கிறவனை என்ன செய்ய. அடிக்க ஏதாவது காரணம் கொடுங்களேன்டா. அப்போதுதான் தோன்றியது, மாற்றிவிடுவோம், ஒப்பந்தமாவது மண்ணாவது, கைகொடுத்தது கொடுத்ததுதான், அதற்காக லென்னைத் தின்னக் கொடுக்க முடியுமா. பயல்களோடு வந்த ஹாலம் பின்னறை வாசலில் அந்தக் கோட்டோடு நிற்கிறான். நேராகப் போய் நெஞ்சுக்கு எதிரே நின்றேன். சண்டைக்கு எல்லாம் தயார், என்னென்ன சொல்வான், நான் என்னென்ன சொல்வேன், பத்து வாசல் திறந்து வைத்திருந்தேன் மனசுக்குள். "வரிசை மாறுது. லென்தான் கடைசியில. உங்க பசங்க முதல்ல. இஷ்டம்னா இரு, இல்லேன்னா சாமானைத் தூக்கு." ஹாலம் என்னைப் பார்த்தான், தலையைக்கூட ஆட்டவில்லை. "சரி." அவ்வளவுதானா. "சரின்னா?" "நாங்க முதல்ல வாசிக்கிறோம். எங்களுக்கு அப்புறம் அவர் வாசிக்கட்டும்." எங்களுக்கு அப்புறம். அந்த வார்த்தை மெதுவாக உள்ளே இறங்கியது. இந்தக் கூட்டம் இவர்களுக்காக வந்த கூட்டம், இவர்கள் முடித்ததும் எழுந்து போய்விடும், காலியான அறையில் லென் நின்று வாசிப்பான். முதலில் நிறுத்தினாலும் அவன் இல்லை, கடைசியில் நிறுத்தினாலும் அவன் இல்லை. கேட்டதைக் கொடுத்துவிட்டான், கொடுத்தது என் கையில் உடைந்து கிடக்கிறது.

பக்கக் கதவில் முட்டுகிற சத்தம், ஒலிபெருக்கிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முழங்காலால் தட்டுவான் லென். மற்ற மூன்று பேர் வேனில் இருக்கிறார்கள் போல. உள்ளே வந்து பெட்டியை இறக்கினான், கோதுமை மாவு வாசனை, முகம் வெந்துபோயிருக்கிறது. "தெருவுல என்ன டாமி, யாராவது செத்துட்டாங்களா?" நான் வாயைத் திறக்கிறேன், அதற்குள் சுவருக்குப் பின்னாலிருந்து அந்தக் கிட்டார். லென் அப்படியே நின்றான். கழுத்துக் கைக்குட்டையை அவிழ்க்கப் போன கை பாதியில் நின்றது. நாய் காது தூக்குகிற மாதிரி தலையைச் சாய்த்தான். பேசாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், பேசிவிட்டேன், கொட்டிவிட்டேன் எல்லாவற்றையும், ஹாலம், கம்பளிக் கோட்டு, முதல், கடைசி, மாற்றினேன், மாற்றினது பிரயோஜனமில்லை, அடுத்த வாரம் அவன்களைச் சேர்க்கமாட்டேன், அவன்கள் காலை உடைக்கிறேன், நீ சொல்லு, இப்போதே வெளியே தள்ளிவிடுகிறேன். அவன் கேட்கவில்லை, சுவரைக் கேட்டுக்கொண்டிருந்தான். பாட்டு நின்றபிறகு மெல்லச் சொன்னான், "அந்தத் தூண் பக்கத்துப் பையன்." "ஆமா." "நல்லா வாசிக்கிறான்." "நல்லாவா? திருட்டுப்பயல் லென், உன் கையை அப்படியே திருடிட்டான்." "திருடினா திருப்பிக் குடுன்னு கேக்கலாம்." "என்னைத் திட்டேன்டா!" கத்திவிட்டேன், கிளாஸெல்லாம் அதிர்ந்தது. "உன்னைக் கேக்காம உன் இடத்தை வித்தேன், என் சட்டையப் பிடி, ரெண்டு போடு, பிறகு பேசுவோம்!" அவன் சிரித்தான், களைத்த சிரிப்பு. "நான் முதல்லயே வாசிக்கிறேன் டாமி. அறை நிறைஞ்சிருக்கும்போது." "அடுத்த வெள்ளிக்கிழமை வருவியா? அதைச் சொல்லு." அவன் குனிந்து கிட்டார்ப் பெட்டியின் கொக்கியைத் திறந்தான், ஒரு கம்பியை முறுக்கினான், இன்னொன்றை முறுக்கினான். "முதல்ல இன்னைக்குக் கதவைத் திற" என்றான். முகத்தை நிமிர்த்தாமல். அவனுக்கு வேர்த்திருந்தது, வெயில் வேர்வை இல்லை, எனக்கு அந்த வேர்வை தெரியும்.

திறந்துவிட்டோம். இன்னாசி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். முட்டி மோதி வருவார்கள் என்று தோளை இறுக்கிக்கொண்டு நின்றேன், அப்படி வரவில்லை, கோயிலுக்குள் போகிற மாதிரி வரிசையாகப் போகிறார்கள், கவுண்டரைத் தாண்டிப் பின்னறைக்கு. "ஒருத்தனும் பீர் கேக்க மாட்டேங்கான் அண்ணாச்சி." கேக்காட்டிப் போறான், நீ இங்க பாத்துக்கோ என்றேன். கூட்டத்தோடு கூட்டமாக நானும் உள்ளே போகிறேன், என் கடையில் நானே இடிபட்டுக்கொண்டு. நர்ஸும் கொத்தனாரும் வந்திருக்கிறார்களா என்று தேடுகிறேன், சுவர் ஓரமாகப் பாதி ஒடுங்கி இரண்டு மூன்று தெரிந்த தலை. லென் பீர்ப் பெட்டிமேல் ஏறினான். வழக்கமாக ஏதாவது நக்கல் சொல்லித்தான் தொடங்குவான், கேப்ஸ்டன் பீரைக் குடித்துவிட்டு உயிரோடு இருக்கிறவர்கள் கையைத் தூக்குங்கள் என்பான், இன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. ஒன்று, இரண்டு, ஆரம்பம். இவர்கள் அசையவில்லை. கூச்சல் இல்லை, பாட்டில் எறிதல் இல்லை, பஸ்ஸுக்கு நிற்கிற முகங்கள். இரண்டாவது பாட்டு. பஸ் வரவில்லை. ஊக்குப் போட்டவன் ஓரத்தில் நிற்கிறான், அவன் மட்டும் பார்க்கிறான். மூன்றாவது பாட்டை லென் எடுத்தான். வேகம். இது அந்த வேகம் இல்லை, லென்னுடையது இல்லை, சுவருக்குப் பின்னால் கேட்டோமே அந்த வேகம். அவன் கோஷ்டிக்காரன்களே திரும்பி அவனைப் பார்க்கிறார்கள், டிரம் அடிக்கிறவன் மூச்சு வாங்குகிறான். வேண்டாம் லென். உன் நடையிலேயே போ. சந்தையில் பார்த்திருக்கிறேன், வாங்குகிறவன் வாயைத் திறக்கும் முன்னே தானாக விலையைக் குறைக்கிறவனை, கண் அங்கே இங்கே ஓடும், கை துணியை மடிக்கும் விரிக்கும், மறுவாரம் அந்த இடத்தில் வேறொருத்தன் கடை போட்டிருப்பான். லென் கண் ஓடுகிறது. கை முந்துகிறது, பாட்டு பின்தங்குகிறது, வெட்டு விழவேண்டிய இடத்தில் விழவில்லை, கம்பியில் நகம் கீறி ஒரு கொடூரமான சத்தம், இத்தனை வருஷத்தில் லென் கையிலிருந்து நான் கேட்காத சத்தம். தவறிவிட்டான்.  அந்த நொடியில்தான் கூட்டம் உயிர்த்தது. முன்னால் நின்ற கரிக்கண்ணுப் பிள்ளை கையைத் தூக்கி ஊளையிட்டாள், அவளுக்குப் பின்னால் அறை முழுக்க, கூரையே அதிர்கிற ஆரவாரம், குதிக்கிறார்கள், ஒருவர்மேல் ஒருவர் விழுகிறார்கள், பிழைக்காக, பிழைக்கு. லென் தலையைத் தூக்கினான். முதலில் புரியவில்லை அவனுக்கு. அப்புறம் புரிந்தது, புரிந்தது முகத்தில் தெரிந்தது. அடுத்த அடி வந்தது, நல்ல தெளிவான, நிதானமாக எடுத்திருக்கக்கூடிய இடம். அவன் என்னைப் பார்க்காமல் அவர்களைப் பார்த்தபடி கையைச் சாய்த்து, வேண்டுமென்றே, மறுபடி தவறவிட்டான்.